விண்கல்லை வகைப்படுத்தித் தருகிறோம் என்று காசு கேட்கிறார்கள், கவனம்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த விண்கல்லை வீட்டில் வைத்திருக்கும் சிலரை யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியும். அவர்களுக்காக எழுதுகிறேன். "வகைப்படுத்தி, சர்வதேச இலக்கத்தோடு சான்றிதழ் எடுத்துத் தருவோம்" என்று ஒருவர் முகநூலில் ஆள் பிடிக்கிறார். என்னிடம் 85,000 ரூபா வாங்கினார். தந்தது வெறும் கடதாசி.

கல் சகாராவில் பொறுக்கியது. பிரான்சில் இருக்கும் மச்சான் மொரோக்கோ போனபோது எர்பூத்தில் வாங்கினார். 640 கிராம். கறுத்த தோல், காந்தம் பிடிக்கும். ஒரு மூலையை அராவினால் உள்ளே ஒன்றிரண்டு உலோகப் பொட்டு மினுங்கும், மற்றதெல்லாம் துரு. ரியூசனில் பிள்ளைகளுக்குக் காட்டும்போது இன்ன வகை என்று உறுதியாகச் சொல்லவேண்டும் என்றுதான் கொடுத்தேன்.

சான்றிதழில் தங்க எழுத்து, சிவப்பு முத்திரை எல்லாம் இருக்கிறது. எழுதியிருப்பதை வடிவாகப் பாருங்கள்: "எல்6, டபிள்யூ1, பயலைட் 18". விண்கற்களில் அதிகம் கிடைக்கும் வகையான சாதாரண கொண்ட்ரைட்டுகளை எச், எல், எல்எல் என்று பிரிக்க முக்கியமாகப் பார்ப்பது ஒலிவின் கனிமத்தில் உள்ள இரும்பைத்தான். அந்த இரும்பின் அளவைச் சொல்வதுதான் பயலைட் இலக்கம். பயலைட் 16 முதல் 20 வரை என்றால் எச். எல் என்று சொல்ல 22 அளவிலாவது இருக்கவேண்டும். இலத்திரன் நுண்ணாய்வியில் வைத்து 18 என்று அளந்த எவரும் எல் என்று எழுதமாட்டார். டபிள்யூ என்பது கல் எவ்வளவு துருப்பிடித்தது என்ற அளவு. டபிள்யூ1 என்றால் உலோகத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் துரு. என் கல்லின் உலோகத்தில் பெரும்பங்கு துருவாகிவிட்டது, டபிள்யூ3 என்றாவது போட்டிருக்கவேண்டும். எல்லுக்குப் பக்கத்தில் உள்ள 6, கல் எவ்வளவு சூடுபட்டது என்பதைச் சொல்வது. 6ஆம் வகையில், கல்லுக்குள் இருக்கும் கொண்ட்ரூல் என்ற சிறு உருண்டைகள் பழைய வெப்பத்தில் ஓரம் கலங்கிக் கல்லோடு கல்லாகிவிடும். அதே தாளின் கீழே "கொண்ட்ரூல்கள் மிகத் தெளிவாக உள்ளன" என்று ஒரு வரி!

இலக்கமும் பொய். வடமேற்கு ஆபிரிக்காவில் கிடைத்து, இடம் சரியாகத் தெரியாத கற்களுக்கு என்டபிள்யூஏ என்று தொடங்கும் இலக்கம் கொடுப்பார்கள். சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடும் குழு ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது உறுதியான பெயர். அந்தப் பட்டியலை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எனக்குத் தந்த இலக்கத்தைத் தட்டிப் பார்த்தேன். நிறை வேறு, வகை வேறு, யாரோ ஒருவருடைய கல்.

எனக்குத் தாங்க முடியாதது கல்லுக்குச் செய்த வேலை. திரும்பி வந்ததை நிறுத்தால் 500 கிராம்கூட இல்லை. கேட்டதற்கு, "அண்ணை, லாபில சாம்பிள் எடுக்கிறது வழமைதானே, யோசியாதேங்கோ" என்றார். மாதிரி எடுப்பது உண்மைதான். ஆனால் விதி 20 கிராம் அல்லது மொத்த நிறையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. என் கல்லுக்கு 20 கிராம் போதும். அதையும் அங்கீகரித்த ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்கவேண்டும். எந்த நிறுவனம் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பதில்லை.

யாராவது இப்படிக் கேட்டு வந்தால் காசு கொடுக்க முன்னம் மூன்று விடயம் எழுத்தில் வாங்குங்கள்: அளப்பது எந்த ஆய்வுகூடம், மாதிரி எங்கே இருக்கும், குழுவுக்கு அனுப்புகிறவர் யார். படத்தைப் பார்த்தே வகை சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கல் கையை விட்டுப் போக முன்னம் தராசில் வைத்து, நிறை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். என்னிடம் அந்தப் படம் இருப்பதால்தான் இன்று முறைப்பாடு எழுத முடிகிறது.

(நம் மண் சுண்ணாம்புக்கல் மண். வளவில் பாரமான கறுப்புக் கல் கண்டால் விண்கல் என்று ஓடவும் வேண்டாம். உள்ளே காற்றுக்குமிழ் ஓட்டைகள் இருந்தால் அநேகமாக இரும்பு உருக்கிய கழிவு.)

இதே ஆள் இப்போது வேறு பெயரில் வடமராட்சிப் பக்கம் விளம்பரம் போடுகிறார். தங்க எழுத்து, சிவப்பு முத்திரையோடு சான்றிதழ் உங்களுக்கும் வந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.