பழைய விமான நிலையச் சுற்றுலா: பயணப்பை வரை பிரமாதம்

தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் டர்பனின் தென்பகுதியைத் தமிழில் சுற்றிக்காட்டும் அரைநாள் வேன் சுற்றுலா ஒன்றில், இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸில் 1981-ஆம் ஆண்டு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியைப் பற்றிய பகுதிக்காகவே சேர்ந்தேன். மியர்பேங்க் வீடுகளைக் கடந்ததும், 2010-இல் மூடப்பட்ட பழைய விமான நிலையத்தின் வேலியோரம் வேன் நிற்கிறது.

வழிகாட்டும் பெரியவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். பழைய பயணப்பை ஒன்றைத் திறந்து, மேலே கிடக்கும் பொம்மைகளை அகற்றி, அடியில் இருக்கும் பொய்த்தட்டைத் தூக்கிக் காட்டுகிறார். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய மைக் ஹோரின் கூலிப்படையினர் பீர்ப் பிரியர் சங்கத்தாராக வேடமிட்டு, அண்டை நாடான சுவாசிலாந்திலிருந்து சீஷெல்ஸின் மாஹே தீவில் இறங்கியது இத்தகைய பைகளோடுதான். சுங்க அதிகாரி ஒருவர் துப்பாக்கியைக் கண்டுவிட்டதால் சண்டை மூண்டு, நாற்பதுக்கும் மேற்பட்டோர் அங்கு வந்திறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்திக்கொண்டு டர்பனுக்கே தப்பி வந்த பகுதியை அவர் சொல்லும்போது, வேனில் யாரும் கைப்பேசியைத் தொடவில்லை.

குறை அதற்குப் பிறகு வருகிறது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோரைத் தென்னாப்பிரிக்க அரசு சில நாள்களிலேயே வழக்கின்றி விடுவித்ததையும், எதிர்ப்பு வலுத்த பிறகே அனைவர் மீதும் விமானக் கடத்தல் குற்றம் சுமத்தியதையும் அவர் ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிட்டார். டிசம்பர் 15-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை 496-ஆம் தீர்மானத்தின் வழியே விசாரணைக் குழு அமைத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆயுதம் கொடுத்ததே தென்னாப்பிரிக்க ராணுவம்தான் என்று ஹோர் நீதிமன்றத்தில் சொன்னார். தன் அமைச்சரவைக்கு எதுவும் தெரியாது என்றார் பிரதமர் பி. டபிள்யூ. போத்தா, தென்னாப்பிரிக்கப் புலனாய்வு அதிகாரி ஒருவரோ சீஷெல்ஸிலேயே சிக்கியிருந்தார். இந்த முரணைச் சொல்லாமல், சீஷெல்ஸ் அதிபர் ரெனேயின் அரசு ஏன் தென்னாப்பிரிக்க அரசை நோக்கி விரல் நீட்டியது என்பது எப்படி விளங்கும்? இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தென்னாப்பிரிக்காவோடு 1946-லேயே வணிகத்தை முறித்துக்கொண்ட இந்தியாவின் அரசு விமானம் நம் ஊர் ஓடுபாதையில் நின்றதன் சங்கடமும் விடுபட்டுப் போனது. தமிழ்க் கூட்டத்துக்கு அதைவிட நெருக்கமான செய்தி வேறு என்ன?

ஹோருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு வேன் போவதில்லை. அரைநாளில் அது இயலாதுதான். ஆயினும், கையில் தரும் ஒற்றைத் தாளில் பாதியை விளம்பரத்துக்கு ஒதுக்காமல், வழக்கின் சுருக்கத்தையாவது அச்சிட்டிருக்கலாம்.

இதையெல்லாம் மதிய உணவின்போது ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரியவர், ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய பன்னி சௌவை ஓரமாக வைத்துவிட்டு, தயங்காமல், தெளிவாக விளக்கினார். விஷயம் தெரிந்தவர்தான், கூட்டம் சலித்துவிடும் என்று அஞ்சுகிறார் போலும். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். போகிறவர்கள் முன்னிருக்கையில் அமர்ந்து, வேலியோரத்திலேயே கேள்விகளைத் தொடங்கிவிடுங்கள். காலைப் பயணமே நல்லது, அங்கே நிழல் கிடையாது.