'பணம் விழுந்துச்சா' ஆப் செய்து வாங்கி ஏமாந்தேன், கடைக்காரர்கள் கவனிக்கவும்

ஈரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வங்கிகளில் கணக்கு. வரவு மெசேஜ் எல்லாம் என் போனுக்குத்தான் வரும். நான் மண்டிக்குப் போய்விட்டால், பணம் விழுந்ததா என்று பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால், வரும் எஸ்எம்எஸ்ஸைப் பின்னணியிலேயே படித்துக் கடையில் இருக்கும் டேபுக்கு (டேப்லெட்) அனுப்பும் ஆப் ஒன்றை 28,000 ரூபாய் கொடுத்துச் செய்து வாங்கினேன்.

பிளே ஸ்டோரில் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஏபிகே (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) அனுப்பி, "எச்சரிக்கை காட்டும்ங்ணா, பரவால்ல, இன்ஸ்டால் குடுங்க" என்றார் செய்தவர். மெசேஜ் படிக்கும் அனுமதியைக் கண்ட ஆப்புக்கும் தரக்கூடாது என்று 2019 முதல் பிளே ஸ்டோரில் கட்டுப்பாடு இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு ஆப்பை மூடினாலே மெசேஜ் போவது நின்றது. "போன் பழசுங்ணா" என்றார். 14,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கினேன். அதிலும் அதே கதை. அடுத்து, "ஆண்ட்ராய்டு 8-க்கு அப்புறம் பின்னணி வேலைய கூகுளே தடுத்துருச்சு" என்றார்.

அக்கா மகன் ஆண்ட்ராய்டு வேலையில் இருக்கிறான். ஏபிகேயைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, எஸ்எம்எஸ் வந்த அறிவிப்புக்கு அந்தத் தடையில விலக்கு இருக்கு. ஆப்போட மேனிஃபெஸ்ட்ல, அதாவது ஆப் விவரத்தை போனுக்குச் சொல்ற ஃபைல்ல, மெசேஜ் வந்தா கவனிக்கற ரிசீவரைப் பதிவு பண்ணணும். இவர் திரை திறந்திருக்கும்போது மட்டும் கேக்கற மாதிரி எழுதியிருக்கார்." சில கம்பெனி போன்களில் பேட்டரி சேமிப்பும் ஆப்பை நிறுத்திவிடுமாம். ஆனால் இங்கே கோளாறு ஆப்பை எழுதிய விதத்தில்தான்.

இதைவிடப் பெரிய அடி அரிசியில் விழுந்தது. ஒருவர் 3 மூட்டை எடுத்தார். டேபில் "4,200 வரவு" என்று வந்தது, பையன் ஏற்றி அனுப்பிவிட்டான். இரவு கணக்குப் பார்த்தால் வங்கியில் ஒரு பைசா வரவில்லை. அந்த மெசேஜ் வந்தது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து. வங்கி மெசேஜ் அப்படி வராது, அனுப்பியவர் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்தாலான தலைப்புதான் இருக்கும். அனுப்பியது யார் என்றே பார்க்காமல், 'கிரெடிட்டட்' என்ற சொல் இருந்தால் போதும் என்று அந்த ஆப் ஏமாந்திருக்கிறது. அந்தத் தலைப்பைச் சரிபார்க்க நாலு வரி எழுதினால் போதுமாம்!

கடைசியாக அக்கா மகன் காட்டியதுதான் வயிற்றைக் கலக்கியது. வரவு மெசேஜ் மட்டுமல்ல, ஓடிபி உட்பட எனக்கு வந்த எல்லா மெசேஜும் ஆப் செய்தவரின் சர்வருக்குப் போயிருக்கிறது. அன்றைக்கே ஆப்பை நீக்கி, மூன்று வங்கியிலும் பாஸ்வேர்டு மாற்றினேன். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தேன். அவர் இப்போது போனை எடுப்பதில்லை.

இப்படி ஆப் செய்து வாங்குகிறவர்கள் கடைசித் தவணை கொடுக்கும் முன் ஆப்பை மூடிவிட்டு, உண்மையான வரவு மெசேஜ் டேபுக்குப் போகிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து பொய்யாக ஒரு வரவு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். உண்மையானது போகாவிட்டாலோ, பொய்யானதை டேப் காட்டினாலோ பணம் கொடுக்காதீர்கள். எந்தெந்த மெசேஜ் எங்கே போகிறது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எங்கள் வீதியில் இன்னும் இரண்டு கடைகளில் இதே ஆப் ஓடுகிறது. நேற்று நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் அங்கேயே நீக்கிவிட்டார். இன்னொருவர், "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்கிறார். நாளைக்கு அக்கா மகனையே கூட்டிக்கொண்டு போகிறேன்.