நாடாளுமன்றத்தின் கேள்வி–பதில் பதிவுகள்: வாக்காளர் நோக்கில் ஒரு மதிப்புரை

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டிருப்பது, வரி செலுத்தும் ஒவ்வொருவரும் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட ஒரு பொதுச் சேவை. சன்சத் டாட் இன் என்னும் நாடாளுமன்ற இணையதளத்தில் இரு அவைகளின் கேள்விகளும் பதில்களும், விவாதங்களின் சொல்வடிவமும், மசோதாக்களும், குழு அறிக்கைகளும் யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. என் ஓட்டைப் பெற்றவர் அவையில் என்ன செய்தார், அவரிடம் அரசு என்ன சொன்னது என்ற இரண்டு கேள்விகளோடு வரும் ஒரு வாக்காளருக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதையே இங்கே எடைபோடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அரசு என்ன சொன்னது என்பதை அறிய இதற்கு நிகரான இடம் வேறில்லை. உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று அறிய வந்தவரோ பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார். அதற்கான பழியை இணையதளத்தை வடிவமைத்தவர்கள் மேல் போட முடியாது, அவையின் நடைமுறை மேல்தான் போட வேண்டும்.

உள்ளே இருக்கும் சரக்கு எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால்தான் அதன் தரம் விளங்கும். மக்களவை உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்க விரும்பினால், பொதுவாக 15 முழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டும். குலுக்கலில் தேறும் கேள்விகள் இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்விகளும் எழலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்துப் பதில் மட்டுமே. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230 வரை பட்டியலில் இடம்பெறும். மாநிலங்களவையில் முறையே 15, 160. ஒரு மணி நேரக் கேள்வி நேரத்தில் ஐந்தாறு கேள்விகள் வாய்மொழிக்கு வந்தாலே நல்ல நாள். அமளி நாட்களில் ஒன்றுகூட வராது. தொலைக்காட்சியில் கூச்சலைப் பார்த்துவிட்டு இன்றும் அவை நடக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறோம், ஆனால் அதே நாளிலும் நூற்றுக்கணக்கான எழுத்துப் பதில்கள் அவையின் மேசைக்கு வந்து இணையத்தில் ஏறியிருக்கும். கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்ட 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில்கூட எழுத்துப் பதில்கள் நிற்கவில்லை. கூச்சலும் ஒத்திவைப்பும் எளிதில் தொட முடியாத நாடாளுமன்றப் பணி இது என்பதால்தான் இதற்கு இத்தனை மதிப்புத் தருகிறேன்.

ஒரு பதிலைத் திறந்தால் உச்சியில் அமைச்சகத்தின் பெயரும் அவையின் பெயரும் கேள்வி எண்ணும் பதிலளிக்க வேண்டிய தேதியும் இருக்கும். அதன் கீழே தலைப்பு, கேட்ட உறுப்பினரின் பெயர். பிறகு கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று உட்பிரிவுகளாக விரியும்: இன்னது நடந்ததா, நடந்திருந்தால் மாநில வாரியான விவரம் என்ன, இல்லையென்றால் காரணம் என்ன, அரசு எடுத்த நடவடிக்கை என்ன. அடியில் அமைச்சரின் பெயரோடு பதில். படிப்பவர் முதலில் கண் வைக்க வேண்டிய இடம் பதிலின் தொடக்கம். உட்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தந்திருந்தால் பெரும்பாலும் உள்ளே விஷயம் இருக்கும். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால், திட்டங்களின் பெயர்களும் அவை தொடங்கிய ஆண்டுகளும் பத்தி பத்தியாக வரும், கேட்ட எண்ணிக்கை மட்டும் வராது. இதற்கு நேர்மாறாக, மூன்று வரிப் பதிலின் பின்னால் இணைப்பாக வைக்கப்படும் மாநில வாரி அட்டவணை சில நேரங்களில் பொன்னாக அமைந்துவிடும். வேறெங்கும் வெளியாகாத புள்ளிவிவரம் அந்தக் கடைசிப் பக்கத்தில் சத்தமில்லாமல் கிடக்கும். இடையில் ஒன்று: மக்களவை விதி 41இன்படி கேள்வி பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது, அதில் வாதமோ அனுமானமோ ஏளனமோ இருக்கக் கூடாது. நூற்றைம்பது சொல்லில் அடக்கமாகக் கேட்டவருக்கு நான்கு பக்கத் திட்டப் பெருமை பதிலாக வருவதைத் தடுக்கத்தான் வழி தெரியவில்லை.

மழுப்பலான பதில் பயனற்றது என்று ஒதுக்கிவிடுவது அவசரமான முடிவாகும். 2020 செப்டம்பர் 14 அன்று, ஊரடங்குக் காலத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் எழுத்தில் தெரிவித்தது. தண்டவாளத்திலும் நெடுஞ்சாலையிலும் நிகழ்ந்த சாவுகளை நாடு முழுவதும் செய்திகளில் பார்த்திருந்த நேரத்தில், எண்ணவில்லை என்ற அந்த ஒப்புதலே பெரிய செய்தியானது. 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் வந்த இன்னொரு பதில் இதைவிட நுட்பமானது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறக்கவில்லை என்று அரசு கூறிவிட்டதாகவே பலரும் புரிந்துகொண்டார்கள். பதிலின் மூலத்தைப் படித்தால், சுகாதாரம் மாநிலப் பொருள், இறப்புகளை மாநிலங்களே தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்களோ யூனியன் பிரதேசங்களோ குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்றுதான் இருக்கிறது. இறக்கவில்லை என்பதற்கும் தெரிவிக்கப்படவில்லை என்பதற்கும் இடையிலுள்ள தொலைவில் ஒன்றிய அரசு தன் பொறுப்பை எங்கே இறக்கி வைத்தது என்பது தெரிகிறது. அதே தொலைவில், அடுத்த கேள்வியை மாநில அரசிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிகிறது. மூலத்தைப் படித்த வாக்காளர் இரண்டு அரசுகளையும் கேட்கலாம். தலைப்பை மட்டும் படித்தவர் ஒன்றைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்ற வாசகத்தோடு முடியும் பதில்கள் தனி ரகம். இப்படிச் சொல்வது அவை வழக்கில் உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென்றே இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழுக்கள் உண்டு. அந்தக் குழுக்களின் அறிக்கைகளும் இதே இணையதளத்தில் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தவை, நிறைவேற்ற இயலாது என்று அமைச்சகமே கேட்டுக் கைவிடச் செய்தவை என்று அவற்றில் படிக்கப் படிக்க வருகிறது. பரபரப்பில்லாத நடையில் எழுதப்பட்டிருப்பதால் செய்தியாளர்கள் அதிகம் சீந்தாத அறிக்கைகள். இந்தச் சேவையில் நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான்.

கேள்வி கேட்டால் என்னதான் நடந்துவிடும் என்பவர்கள் 1957ஐ நினைவில் கொள்ளலாம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கிய விவகாரம் மக்களவையில்தான் உடைந்தது. அதை விடாமல் துருவியவர் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தன் கட்சி அமைச்சரைத் தன் கட்சிக்காரரே கேள்வியால் வீழ்த்திய அந்த விவாதங்களின் பதிவுகள் நாடாளுமன்ற மின்னணு நூலகத்தில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

ஆனால் எண்ணிக்கையை வைத்து உறுப்பினரை மதிப்பிடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் நாடாளுமன்றப் பதிவுகளிலிருந்து உறுப்பினர் வாரியாக வருகை, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் தொகுத்துத் தருவது பயனுள்ள பணிதான். தேடுவதற்கும் அது எளிது. அந்த எண்கள் தேர்தல் நேரத்தில் சாதனைப் பட்டியலாகும்போதுதான் சிக்கல். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. கேள்வி கேட்பதும் அவர்கள் வேலையில்லை. எனவே அவர்களை இந்தத் தராசில் நிறுத்தவே முடியாது. மேலும், கேள்வி என்பது விலைக்கும் போகக்கூடிய பொருள் என்பதை 2005 டிசம்பர் காட்டியது. பணம் பெற்றுக்கொண்டு கேள்வி கேட்க முன்வந்ததாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் அப்போது இரு அவைகளிலிருந்தும் வெளியேற்றப்பட்டார்கள். 2023 டிசம்பரில், கேள்விகளைப் பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியாருக்குக் கொடுத்தது தொடர்பாக ஒரு மக்களவை உறுப்பினர் பதவியிழந்தார். அவருடைய தொகுதி 2024இல் அவரையே திரும்ப அனுப்பியது. நானூறு கேள்வி கேட்டவரா நாற்பது கேட்டவரா என்று பார்ப்பதைவிட, உங்கள் தொகுதி உறுப்பினரின் பத்துக் கேள்விகளைத் திறந்து படித்துவிட்டால், அவை தொகுதியிலிருந்து வந்தவையா, செய்தித்தாளிலிருந்து வந்தவையா, வேறெங்கிருந்தோ வந்தவையா என்பது ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும்.

இனி, வாக்குப் பதிவு. ‘ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க’ என்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நாம் கேட்டுப் பழகிய அதே குரல் வாக்கெடுப்பில்தான் நாடாளுமன்றத்திலும் பெரும்பாலான மசோதாக்கள் நிறைவேறுகின்றன. குரல் வாக்கெடுப்பில் பெயர் பதிவாவதில்லை. யாரேனும் முடிவை மறுத்து டிவிஷன் கேட்டால் மட்டுமே ஆம், இல்லை என்று பெயர்ப் பட்டியல் உருவாகும். அது அன்றைய விவாதப் பதிவில் அச்சாகும். அரசியலமைப்புத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மையைக் காட்ட வேண்டியிருப்பதால் டிவிஷன் தவிர்க்க முடியாதது; 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியதை அப்படித்தான் அறிகிறோம். 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதாவுக்கு மக்களவையில் 288 பேர் ஆதரவும் 232 பேர் எதிர்ப்பும் பதிவாகின. இவை விதிவிலக்குகள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் இரண்டு வேளாண் மசோதாக்கள் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது அவையை நடத்தியவரின் விளக்கம். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதாவும் விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பிலேயே இரு அவைகளையும் ஒரே நாளில் கடந்தது. லட்சக்கணக்கான விவசாயிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்த சட்டங்கள் வந்தபோதும் போனபோதும் மாநிலங்களவையில் யார் எப்பக்கம் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. மக்களவை விதி 367 இதில் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: டிவிஷன் தேவையின்றிக் கோரப்பட்டதாக அவைத்தலைவர் கருதினால், இரு தரப்பினரையும் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிட்டு முடிவை அறிவிக்கலாம், அப்போது வாக்களித்தோரின் பெயர்கள் பதிவு செய்யப்படமாட்டா.

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரலாம் என்பதால், பெயர் பதிவானாலும் அது கட்சியின் வாக்குத்தானே, அதைப் பார்த்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்த வாதம் தலைகீழாகப் படுகிறது. கட்சி இட்ட கட்டளைக்குத் தலையாட்டியவர் யார், வாக்கெடுப்பு நேரத்தில் நைசாக நழுவியவர் யார் என்பதும் வாக்காளர் அறிய வேண்டிய செய்திதான்.

2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது, அவர்களுடைய பெயரில் பட்டியலில் இருந்த கேள்விகளும் நீக்கப்பட்டன. உறுப்பினர் அவையில் நடந்துகொண்ட விதத்துக்குத் தண்டனை தருவது அவையின் உரிமை என்று வைத்துக்கொண்டாலும், தொகுதி மக்களின் சார்பில் இரண்டு வாரம் முன்பே அனுப்பிய கேள்விக்கு எழுத்தில் பதில் தருவதை அது ஏன் தடுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்த குற்றவியல் சட்டங்கள் மூன்றும் அதே வாரத்தில், அந்த இருக்கைகள் காலியாக இருக்கையில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்வி–பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியாகின்றன. மக்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசினால், விவாதப் பதிவில் அது தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு என்ற அடிக்குறிப்போடு ஆங்கிலத்தில் வரும். அவர் பேசிய தமிழைக் கேட்க வேண்டுமானால் காணொளிப் பதிவுக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலம் ஓரளவு படிப்பவருக்கு இது தடையில்லை, ஏனெனில் பதில்களின் நடை ஒரே வார்ப்பில் வருவதால் நாலைந்து படித்ததும் பழகிவிடும். படிக்காதவருக்கு இந்தச் சேவை இல்லாததற்குச் சமம்.

புதிதாக நுழைபவர்கள் சொற்களை வைத்துத் தேடுவதைவிட, அமைச்சகத்தையும் கூட்டத்தொடரையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு தலைப்புகளை வரிசையாகப் பார்ப்பது நல்லது. ஒரே பொருளில் வெவ்வேறு கட்சியினர் கேட்டவை அடுத்தடுத்துக் கிடைக்கும், பதில்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூட்டைப் பதில் கிடைத்தால், அதன் கேள்வி எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, விடுபட்ட உட்பிரிவுக்கான விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அமைச்சகத்திடம் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். அமைச்சர் மழுப்பிய இடத்தில் அவருடைய துறையின் பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் எழுதியாக வேண்டும்.