காலையில் உதறும் இன்ஜினுக்கு 16,300 ரூபாய் பில்: சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இன்ஜின் உதறுகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. இந்தப் புகாரோடு வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகி, கோளாறு மறைந்திருக்கும். பிறகு அங்கே நடப்பது ஊகம்தான், அதற்கும் பில் உண்டு.

நகருக்குள் இருக்கும் ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்றுக்குப் போட்ட பில் இது. ஆக்சிஜன் சென்சார் 5,200, இன்ஜெக்டர் கிளீனிங் 2,800, இன்ஜின் டீகார்ப் (உள்ளே படிந்த கரியை நீக்குவது) 3,500, பிளக் நான்கு 1,400, த்ராட்டில் பாடி கிளீனிங் 900, லேபர் 2,500. மொத்தம் 16,300 ரூபாய். ஜிஎஸ்டி பில் இல்லை, ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். கழற்றிய பழைய பாகம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வண்டியைக் கொடுத்தது சாயங்காலம், அதுவும் நன்றாக ஓட்டிச் சூடாக்கி. மறுநாள் காலை பழையபடி அதே உதறல்.

இதில் ஆக்சிஜன் சென்சாரை, அதாவது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் பாகத்தை, மாற்றியதுதான் பெரிய அநியாயம். அந்த சென்சார் சூடேறி வேலை செய்யத் தொடங்கவே அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை ஆகும். அதுவரை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதைக் கேட்பதே இல்லை. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், உள்ளே வரும் காற்றின் அளவு இவற்றை வைத்துத்தான் பெட்ரோல் அளவைக் கணக்கிடுகிறது. செல்ஃப் அடித்த முதல் வினாடியிலிருந்தே உதறும் வண்டியில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுவல்ல.

உண்மையான கோளாறு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரில் இருந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்த்தபோது காற்று வெப்பம் 29 டிகிரி, கூலன்ட் 58 டிகிரி. எட்டு மணி நேரம் நின்ற இன்ஜினில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் போகட்டும். 58 என்று நம்பிய இசியு, குளிர்ந்த இன்ஜினுக்குத் தரவேண்டிய கூடுதல் பெட்ரோலைத் தரவில்லை, ஐடிலிங்கையும் ஏற்றவில்லை. 1,200க்கு மேல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் 800க்குப் பக்கத்தில் தள்ளாடியது.

அந்த சென்சாரின் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. சென்சார் உடம்பு வழியாகக் கசிந்த கூலன்ட், இரண்டு பின்களுக்கும் நடுவே பச்சையாகப் பூத்துப் படிந்திருந்தது. அந்த ஈரப் படிவு பக்கவாட்டில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்தது போல வேலை செய்யும். சூடு ஏற ஏற இந்த வகை சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் (மின் தடை) குறையும், 30 டிகிரியில் அது சுமார் 1,700 ஓம். பக்கத்தில் 1,000 ஓம் சேர்ந்தால் இசியுவுக்குத் தெரிவது 630 ஓம்தான், அதாவது 58 டிகிரி. 80 டிகிரியில் சென்சாரே 320 ஓம் சொச்சம் என்பதால் அதே படிவு பத்து டிகிரி பிழைதான் காட்டும். அதனால்தான் சூடான பிறகு வண்டி ஒழுங்காக ஓடுகிறது. 58 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவு என்பதால் எரர் கோடும் (இசியு பதிவு செய்யும் கோளாறு எண்) விழவில்லை. ‘கோடு இல்லை, அதனால் சென்சார் எல்லாம் ஓகே’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

புது சென்சார், ஓ-ரிங், கப்ளர் சுத்தம், கொஞ்சம் கூலன்ட். சென்சார் விலை ஆயிரத்துக்குள். இன்ஜின் ஆறிய பிறகுதான் கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டும், முடிந்ததும் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். குறைந்த கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரைக் கெடுக்கும், இப்படிக் கசிவையும் கொண்டுவரும்.

இரண்டு வெப்பமும் ஒத்துப்போனால் வேறு இடம் தேடலாம். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மூன்று முறை ஆன்-ஆஃப் செய்தால் உதறல் குறைகிறதா? அப்படியானால் இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்குகிறது, பம்ப் வால்வையோ ஒழுகும் இன்ஜெக்டரையோ பாருங்கள். ஒரே சிலிண்டரில் மிஸ் அடித்தால் (பெட்ரோல் எரியாமல் விட்டுப்போனால்) அதன் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் காயில்தான். காலையில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) மேல் சந்தேகம், பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஓட்டாதீர்கள். விறைத்த பிசிவி ஹோஸில் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இழுத்துப் போகும் குழாய்) வெடிப்பு, எலி கடித்த ஒயர் இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

எரர் கோடு அழிப்பதும் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் இசியு கற்றுவைத்த கணக்கை அழித்துவிடும். அதன் பிறகு ஓரிரு நாள் வண்டி நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். அதை வைத்து வேலை முடிந்துவிட்டது என்று காசு கொடுக்காதீர்கள்.

வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள். இரவு அங்கேயே நிற்கட்டும், காலையில் நீங்கள் போகும்வரை யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் இன்னொரு இரவு நிறுத்தி, முதல் ஸ்டார்ட்டை உங்கள் கண் முன்னே போடச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வண்டியை விடவே வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போனவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. துண்டுச் சீட்டானாலும் எடுத்து வையுங்கள். ஜிபே செய்த ரசீது, காலை நேரத்தோடு எடுத்த ஸ்கேனர் போட்டோ, முதல் ஸ்டார்ட்டின் வீடியோ எல்லாம் கூடவே இருக்கட்டும்.