ஆட்டோடாக் வினா: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

அம்மாவுக்கு ஆஸ்துமா. பையில் சால்பூட்டமால் இன்ஹேலர் இல்லாமல் காட்பாடி மார்க்கெட் வரைகூடப் போகமாட்டார். அந்த மருந்து மூச்சுக்குழாய்த் தசையிலுள்ள பீட்டா-2 ரிசப்டர் என்ற புரதத்தில் எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துவிடத்தான் போன வருடம் ஆட்டோடாக் வினாவை இறக்கினேன். ஒரு மருந்து ஒரு புரதத்தில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் போட்டு (இதைத்தான் டாக்கிங் என்பார்கள்), ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு ஸ்கோர் தருகிற மென்பொருள் இது.

ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஓலெக் ட்ராட்டும் ஆர்தர் ஓல்சனும் உருவாக்கியது, 2010-இல் கட்டுரை வந்தது. முழுக்க இலவசம். வேலூரில் பார்மசி படிக்கிற எனக்கு இது பெரிய விஷயம், காசு கட்டி லைசென்ஸ் வாங்குகிற மென்பொருளுக்கெல்லாம் நான் எங்கே போவது? என்னுடைய 8 ஜிபி லேப்டாப்பிலேயே ஒரு மூலக்கூறுக்குச் சில நிமிடம்தான் ஆகிறது. மே மாத வெயிலில் மட்டும் விடியற்காலையில் எழுந்து ஓட்டுவேன், பகலில் லேப்டாப் அடுப்பு மாதிரி கொதிக்கும்.

குறைக்கு வருகிறேன். புரத வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிடிபி தளத்தில் 2ஆர்ஹெச்1 என்ற எண்ணில் இந்த ரிசப்டரின் படிக அமைப்பு (படிகமாக்கி அளந்த முப்பரிமாண வடிவம்) இருக்கிறது, 2007-இல் வந்தது, உள்ளே கராசோலால் என்ற மருந்து ஒட்டியபடியே இருக்கும். படிகமாக்குவதற்காக அதில் லைசோசைம் என்ற வேறொரு புரதத்தையும் கோர்த்திருக்கிறார்கள். அது தெரியாமல், மருந்தை எந்த இடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று வினாவுக்குக் காட்டுகிற தேடும் பெட்டியை அந்த லைசோசைமின்மேல் வைத்துவிட்டேன். வினா ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் மருந்து உட்காரக்கூடிய ஒன்பது நிலைகளையும் அவற்றுக்கு ஸ்கோர் எண்களையும் கொடுத்துவிட்டது, நானும் மூன்று நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன்! பெட்டியை எங்கே வைத்தாலும் இது ஏதோ ஒரு எண்ணைத் தரும், அதுதான் ஆபத்து.

அதனால் முதலில் கராசோலாலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி டாக்கிங் செய்து பாருங்கள். படிகத்தில் இருந்த இடத்துக்கே, 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வித்தியாசத்துக்குள் வந்து உட்கார்ந்தால் உங்கள் பெட்டி சரி. எனக்கு அது வந்த அன்று காலை, கராசோலாலின் நைட்ரஜன் ரிசப்டரின் 113-ஆவது அமினோ அமிலமான ஆஸ்பார்டேட்டைப் போய்ப் பிடித்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சால்பூட்டமாலைப் போட்டேன், அதன் நைட்ரஜனும் அதே 113-ஐத்தான் பிடித்தது.

ஆனால் ஸ்கோரை வைத்து எந்த மருந்து உசத்தி என்று புராஜெக்டில் எழுதிவிடாதீர்கள். ஸ்கோரில் ஒரு மோலுக்கு 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றாலே மருந்து பிணைகிற வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம், வினாவின் பிழையோ அதைவிடப் பெரிசு. பெரிய மூலக்கூறுகளுக்குக் கூடுதலாகவே மார்க் போடும். ரிசப்டரைக் கல் மாதிரி அசையாமல் வைத்துத்தான் கணக்குப் போடும், சில அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகளை வேண்டுமானால் அசைய விடலாம், நேரம் எகிறும். கராசோலால் ரிசப்டரை அடைக்கிற மருந்து, சால்பூட்டமால் தூண்டுகிற மருந்து, இந்த வித்தியாசம் ஸ்கோரில் தெரியவே தெரியாது. சால்பூட்டமாலுக்கு, ரிசப்டர் தூண்டப்பட்ட நிலையில் இருக்கும்போது 2011-இல் எடுத்த 3எஸ்என்6 அமைப்புதான் பொருத்தம், இப்போது அதில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.