கேமல் போஸ்டர் கலர் 12 புட்டி செட்: 24 வருடம் கழித்து

மார்கழிக் கடைசியில், வெள்ளையடிப்பதற்காக ஊர் வீட்டு அட்டாலியைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு காகிதச் சுருள் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் நான் போட்ட படங்கள். பூவரச இலை, பானையும் செங்கல்லும், அரசு டிராயிங் தேர்வில் முதல் படியான லோயர் பரீட்சைக்குப் பழகிய ஃப்ரீஹேண்ட் கோடுகள். சார்ட் பேப்பரில் போட்டதெல்லாம் பழுத்து, மடிப்பில் உடைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜ் என்னும் கெட்டியான டிராயிங் தாள்கள் ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்து, மற்றபடி நன்றாகவே இருந்தன. அடியில் 2001 மே என்று தேதியிட்ட ஒரு தாள். அப்பாரு, அதாவது தாத்தா, வளர்த்த மயிலை என்னும் சாம்பல் நிறக் காளை. தலை, திமில், முதுகு எல்லாம் வண்ணம். கால் நான்கும் வெறும் பென்சில் கோடு.

அம்மா எட்டிப் பார்த்து, "அட, நம்ம மயிலை! காலக் காணமே கண்ணு?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த ஜூனில் பி.காம். சேர்ந்தேன். லோயருக்கு அடுத்த ஹையர் பரீட்சை எழுதவில்லை. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு, கல்யாணம், பிள்ளைகள். படம் போடுவதை விட்டுவிடுவதென்று ஒருநாளும் நான் முடிவெடுத்ததில்லை. அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளியதுதான்.

மறுநாளே காங்கேயம் போய் இந்த செட்டை வாங்கினேன். இரண்டு பேர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் காசு கூட ஆகவில்லை. கேமல் வண்ணங்களைச் செய்யும் கேம்லின் கம்பெனியை 2011இல் ஜப்பானின் கோக்குயோ வாங்கியது, அதனால் வண்ணமும் மாறியிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் மூடியைத் திறந்தேன். பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்ததில் நீலம் அப்படியே ஒத்துப்போனது. அந்த வாசம் கூட அதேதான்.

போஸ்டர் கலரில் எனக்குப் பிடித்தது அதன் அடர்த்தி. வாட்டர் கலரில் தாளின் வெள்ளையைக் காப்பாற்றியாக வேண்டும். இதில் தவறினால் காயவிட்டு மேலே இன்னொரு பூச்சுப் போட்டுக்கொள்ளலாம். விட்ட கைக்கு இது பெரிய ஆறுதல். மூன்று விஷயம் பழக வேண்டும். அடர்ந்த நிறங்கள் காய்ந்ததும் கொஞ்சம் வெளுக்கும், ஆகவே துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்த்துவிட்டே படத்தில் வையுங்கள். மேல் பூச்சில் தண்ணீர் அதிகமானால் அடியில் இருப்பது கரைந்து கலங்கிவிடும். தடிமனாக அப்பினால் வெடித்து உதிரும்.

மயிலை நிறம் லேசில் வராது. காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதம் போல ஆனதும் சாம்பலுக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருத்துக்கொண்டே போகும். வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சிமெண்ட் நிறம்தான் கிடைக்கும். "துளி நீலம், துளி பழுப்பு, அப்பத்தான் சாமி தோலுக்கு உசுரு வரும்" என்பார் எங்கள் டிராயிங் மாஸ்டர். அந்தப் பக்குவம் மூன்றாவது கலவையில் கைக்குத் திரும்பியது. கிண்ணத்தில் அந்தச் சாம்பலைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிரஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் மலிவாக வாங்கிய ஒரு செட் முதல் நாளே முடி கொட்டியது, பூச்சில் ஒட்டிய முடிகளை ஊசியால் எடுத்தேன். கடையில் தொட்டுப் பார்த்து 2, 6, 10 என்று மூன்று ரவுண்ட் பிரஷ் வாங்குங்கள், போதும்.

அப்புறம், பழைய படத்தைத் தொடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் ஈரப் பிரஷ்ஷை முன்னங்காலின் மேல்பக்கம், பழைய வண்ணம் முடிந்த இடத்தில் வைத்தேன். 2001இன் சாம்பல் மெதுவாக இளகி, புதுச் சாம்பலோடு சேர்ந்துகொண்டது. இணைப்பு எங்கே என்று இப்போது எனக்கே தெரியவில்லை. காய்ந்தபின்னும் தண்ணீரில் கரையும் வண்ணம் என்பதைப் பலர் இதன் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் குணத்துக்காகவே இந்தப் புட்டிகளைப் பிடிக்கிறது.

பின்னால் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் கிளுவைச் செடி வேலியும் ஒரு வெள்வேல மரமும் வர வேண்டும். பென்சில் கோடு அப்போதே போட்டு வைத்திருக்கிறேன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஸ்கெட்ச் நோட்டோடு போகவும் எண்ணம்.

முன்னங்கால் இரண்டும் முடிந்தன. செட்டில் வெள்ளைதான் முதலில் தீரும், அதை மட்டும் தனியாகப் பெரிய புட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது நேற்றிரவு காலி. ஞாயிறு காலை கடை திறந்ததும் காங்கேயம் போகிறேன், பின்னங்கால்கள் காத்திருக்கின்றன.