பில்லில் 5 லீற்றர் கூலன்ட், ரேடியேட்டருக்குள் கிணற்றுத் தண்ணீர்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மொரிஸ் மைனர், ஒஸ்டின், பழைய பீஜோ என்று வைத்து ஓட்டுகிற ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கராஜின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்டு இன்பொக்ஸுக்கும் வரவேண்டாம். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், நாளைக்கு வேறொரு இடத்தில் இதே வேலையைக் காட்டினால் நின்ற இடத்திலேயே பிடித்துவிடலாம்.

அப்பா காலத்து மைனர் 1000, 1098 சிசி என்ஜின். ஓடிக்கொண்டிருந்த கார்தான், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) மாற்றிக் கனகாலம் என்பதால் கராஜில் கொண்டுபோய் விட்டேன். பின்னேரம் பில் வந்தது: ரேடியேட்டர் பிளஷ் (உள்ளே கழுவுவது), புதுத் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு), ஒரிஜினல் கூலன்ட் 5 லீற்றர், புது மூடி, கூலி, எல்லாம் சேர்த்து 24,000 ரூபாவுக்குக் கிட்ட. மைனருக்கு ஏறத்தாழ 5 லீற்றர்தான் பிடிக்கும், கணக்குச் சரியாக இருந்தது. "இனி ரெண்டு வருசத்துக்குத் திறக்கத் தேவையில்ல அண்ணன்" என்றார் கராஜ் பாஸ். திறந்து பார்க்கக்கூடாது என்பதற்குத்தான் அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் விளங்கியது.

அடுத்த கிழமை கல்முனையில் ஒரு கலியாண வீடு. கச்சான் காற்று அனலாக வீசுகிற நேரம், காத்தான்குடிக்குள் வாகனம் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது, ஆரையம்பதி தாண்டிக் குருக்கள்மடத்துக்குக் கிட்டப் போகையில் பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. மைனரில் சூடு காட்டுகிற முள் கிடையாது, வேகம், பெட்ரோல், ஒயில் லைட், டைனமோ லைட், அவ்வளவுதான், அதனால் ஆவியைக் கண்டால்தான் சூடு தெரியும். ரோட்டோரம் நின்றவர்கள் வாளியோடு ஓடிவந்து "மூடியைத் திற தம்பி" என்கிறார்கள். கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் முகம்தான் வேகும், ஆறும் வரைக்கும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தோம், மனைவி சேலையோடு.

அடுத்த நாள் காலையில், என்ஜின் குளிராக இருக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் மூடி. புதுசுதான், பளபளப்பாக 0.9 என்று, அதாவது ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்துக்கு என்று அச்சடித்த ஜப்பான் கார் மூடி. மைனருக்கு வேண்டியது 7 பிஎஸ்ஐ அழுத்தம், அதாவது அரை பாருக்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பீர்கள், ஆனால் அறுபது வருசப் பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்று அதைத் தாங்குமா? என் விசயத்தில் அந்த ஆபத்து வரவில்லை, ஏனென்றால் அந்த மூடி அழுத்தத்தையே பிடிக்கவில்லை. கல்முனையில் இன்னொரு மைனர்காரரின் மூடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: அடியில் இருக்கிற ரப்பர் வட்டம் அவருடையதில் நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது, எனக்குப் போட்டதில் கட்டையாக மேலேயே நிற்கிறது. கழுத்து ஆழமான ரேடியேட்டரில் கட்டை மூடியைப் போட்டால் வெளியே இறுக்கமாகப் பூட்டும், உள்ளே ரப்பர் போய் உட்காராது. 7 பிஎஸ்ஐ பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 110 பாகைக்குக் கிட்டப் போய்த்தான் கொதிக்கும், பிடிக்காவிட்டால் 100இலேயே கொதித்து ஓவர்ஃபுளோ குழாயால் ரோட்டில் ஊற்றிக்கொண்டு போகும். அதுதான் நடந்தது.

அப்புறம் தெர்மோஸ்டாட். அதன் மேல்மூடியை மூன்று நட்டுகள் பிடித்திருக்கின்றன. மூன்றிலும் பழைய பச்சை பெயின்ட், அதற்கு மேல் ஒயில் கலந்த ஊத்தை, ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. நட்டைத் தொடாமல் தெர்மோஸ்டாட் மாற்றுகிற வித்தையை நான் இன்னும் படிக்கவில்லை. என்ஜின் பிளாக்கில் இருக்கிற வடிகால் டெப்பும் அப்படியே துருவோடு கிடந்தது. ரேடியேட்டர் அடி டெப்பை மட்டும் திறந்துவிட்டால் பிளாக்குக்குள் நிற்கிற தண்ணீரும் சேறும் அங்கேயேதான் இருக்கும், அதற்குப் பேர் பிளஷ் இல்லை.

கடைசியாகக் கூலன்ட். நல்ல பச்சை நிறம். கொஞ்சம் எடுத்து ஒரு பேணி மூடியில் ஊற்றி முற்றத்தில், பூனை எட்டாத உயரத்தில் வைத்தேன் (நாக்கில் தொட்டுப் பார்க்காதீர்கள், கூலன்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, நாயும் பூனையும் நக்கிச் சாகும்). உண்மையான கூலன்ட் என்றால் தண்ணீர் வற்றினாலும் கிளைக்கோல் பாணி மாதிரி அடியில் நிற்கும், அது லேசில் காயாது. எனக்குக் கிடைத்தது பச்சை படிந்த வெள்ளை உப்புப் பொருக்கு மட்டும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. வாவிக் கரைக் கிணற்றுத் தண்ணீரில் சாயம் கலந்திருக்கிறார்கள். எங்கள் பக்கக் கிணறு பல இடங்களில் உப்புச் சவர் என்பது எல்லாருக்கும் தெரியும், குடிக்கவே யோசிக்கிற தண்ணீரை இரும்பு பிளாக்குக்கும் அலுமினிய ஹவுசிங்குக்கும் ஊற்றினால் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

பில்லோடு போனேன். "பழைய காரெண்டா சூடாகத்தான் செய்யும், ஹெட் கழட்டிப் பாக்கோணும்" என்று அடுத்த செலவைத் தொடங்கினார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தெரிகிற அடையாளம் ஒன்றும் இல்லை, ஒயில் மூடிக்கடியில் வெள்ளைக் களி இல்லை, ரேடியேட்டருக்குள் குமிழி வரவில்லை, பிறகு எதற்கு ஹெட்டைக் கழற்ற? நட்டுகளைக் காட்டினேன். பொடியன் மாத்தியிருப்பான் என்றார், பொடியன் பாஸ்தான் மாத்தினவர் என்றான். ஒரு ரூபாவும் திரும்பி வரவில்லை, என் பழைய மூடியும்தான்.

இப்போது நானே இரண்டு டெப்பையும் திறந்து, தெளிவாக வரும் வரை கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரும் கிளைக்கோல் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊற்றியிருக்கிறேன். மெதுவாக ஊற்ற வேண்டும், மூடி போடாமல் என்ஜினை ஓடவிட்டு மேல் ஹோசை அமத்தி அமத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும், தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும், அப்போது இன்னும் கொஞ்சம். கழுத்து நிறைய ஊற்றாதீர்கள், ஓர் அங்குலம் விடுங்கள், சூட்டில் விரிந்து வெளியேதான் போகும்.

காரை விடுவதென்றால் பக்கத்தில் நில்லுங்கள், கூலன்ட் கானை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒழுங்காக வேலை செய்கிற பாஸ்மாரும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். வாழைச்சேனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், கழுத்து ஆழமான 7 பிஎஸ்ஐ மூடி எங்கேயாவது கிடந்தாலும் எனக்கு ஒன்று வேண்டும்.